இ.சி.இ. சேரும் முன்

 

உதவித்தொகை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இ.சி.இ. படித்து முடித்தால் உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்பதுதான். "வேலை கிடைக்கும்" என்கிறார்கள். நாங்கள் கேட்டது அதுவல்லவே!

பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் மாணவர் எந்த நிலையை எட்டுவார் என்பதை 'நோக்கம்' என்று துறை எழுதி வைக்கிறது. படிப்பு முடியும்போது அவரால் என்ன முடியும் என்பது 'கற்றல் விளைவு': சர்க்யூட் வடிவமைப்பது, பழுதை அளந்து கண்டுபிடிப்பது, குழுவாக வேலை செய்வது, தொழிலில் நேர்மையாக இருப்பது. (கடைசியது நமக்குப் புதிதல்ல.) 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது, என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியம் இந்த விளைவுகளை வைத்தே மதிப்பிடுகிறது. அந்த அங்கீகாரம் கல்லூரிக்கல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். மெக்கானிக்கலுக்கு இருப்பது இ.சி.இ.க்கு இல்லாதிருக்கலாம். வாசல் போர்டை மட்டும் நம்பாதீர்கள்.

நம் ஊர் பீங்கானுக்கும் இதில் பங்குண்டு. செல்போனுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் கெப்பாசிட்டர்களில் பெரும்பாலானவை பீங்கான் வகைதான். ஏன் பீங்கான் என்று மூன்றாம் ஆண்டு மாணவர் விளக்கினால், அந்தத் துறை பாடம் நடத்துகிறது என்று பொருள்.

நகையை விற்கும் முன் லேபுக்குள் போய்ப் பாருங்கள். ஓர் ஆஸிலோஸ்கோப்புக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமா? ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் வருகிறோம்.