கோடரிக்கு முன் மண்வெட்டி
(வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரம், 6 முதல் 9 வரையுள்ள வசனங்களில் ஆண்டவர் இயேசு ஓர் அத்தி மரத்தைப் பற்றிச் சொல்கிறார். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத மரம். நிலத்துக்காரர் அதை வெட்டிவிடச் சொல்கிறார். நிலமும் அவருடையது, மரமும் அவருடையது. ஆனாலும் அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருப்போட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார். அப்போதும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்பதையும் அவரே ஒத்துக்கொள்கிறார்.

மனம் திரும்புவதற்குக் கடவுள் தரும் காலத்தைப் பற்றிய உவமை இது. பழனி மலையில் வாழும் நமக்கு இது மரத்தைப் பற்றியும் பேசுகிறது. வெட்டவே கூடாது என்று இயேசுவின் தோட்டக்காரர் சொல்லவில்லை. கோடரிக்கு முன் மண்வெட்டியை எடுக்கிறார், அவ்வளவுதான்.

நம் மலையில் அந்தத் தோட்டக்காரரின் வேலையைச் சட்டம் செய்கிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டக்கூடாது என்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதி தர வேண்டும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக, 1968ஆம் ஆண்டு விதிகளின்படி தனியாக அனுமதிச் சீட்டு வேண்டும். காடுகளைப் பொறுத்தவரை, மத்திய அரசு ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தின்படி அன்றி மரம் வெட்டக்கூடாது என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

"நான் வைத்த மரத்தை நான் வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?" தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இந்தக் கேள்வி எழாத நாள் இல்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் மரம் நம்முடையது என்றாலும், அந்த மரம் பிடித்துவைக்கும் தண்ணீர் நமக்கு மட்டும் உரியதல்ல. மருதாநதி, மஞ்சளாறு, வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு அணைகளுக்கு இந்த மலைதான் தண்ணீர் தருகிறது. சரிவில் மரம் போனால் மழை மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீழே நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர் நம் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவரும் நமக்கு அடுத்திருப்பவர்தான். நிலம் தமக்கே உரியது, நாம் அதில் தங்கியிருப்பவர்கள் என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்வதன் பொருள் இங்கே விளங்குகிறது.

வெட்டுவதற்கு விதி வகுப்பது விவிலியத்துக்குப் புதிதல்ல. பகைவரின் நகரை முற்றுகையிடும்போதுகூடக் கனி தரும் மரங்களை வெட்டக்கூடாது, மற்ற மரங்களை வெட்டிக்கொள்ளலாம் என்கிறது இணைச்சட்ட நூல் 20ஆம் அதிகாரம். போரின் அவசரத்திலும் இது என்ன மரம் என்று நின்று பார்க்கச் சொல்கிறது.

நின்று பார்க்காததால் வந்த துன்பம் நம் கண்முன்னே இருக்கிறது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று, கடந்த நூற்றாண்டில் நம் மலையின் புல்வெளிகளில் சீகை மரத்தை நட்டார்கள். பைனும் யூகலிப்டசும் நட்டார்கள். வெறும் புல்தானே என்று நினைத்த இடம், மழையை உறிஞ்சி ஓடைக்கு மெல்ல விடும் பஞ்சாக இருந்தது. இன்று சீகை தானாகவே பரவுகிறது. இந்த அயல் மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே ஆணையிட்டது. ஆகவே, மரம் வெட்டுவதும் சில இடங்களில் மலைக்குச் செய்யும் தொண்டாகலாம். அங்கும் அவசரம் கூடாது. சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அவையும் போய்விடும்.

செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் நமக்கு வேறொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். அருள்தந்தை கே. எம். மத்தேயு பல ஆண்டுகள் இந்த மலையில் நடந்து, செடி செடியாகப் பார்த்து எழுதிய தாவர நூல் 1999இல் வெளிவந்தது. படைப்பை உற்றுப் பார்ப்பதும் ஒரு செபம்தான்.

இனி, ஏழையின் பக்கத்தையும் பேசுவோம். மகளின் திருமணம், மருத்துவச் செலவு என்று வரும்போது சிறு விவசாயிக்கு மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரமே வங்கி. அனுமதிக்காக அலைய அவரிடம் நாளும் இல்லை, பேருந்துக் காசும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு தரகர் வருகிறார். தாளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பாதி விலைக்குத் தோட்டத்தையே மொட்டையடிக்கிறார். சிலர் பட்டையைச் சுற்றி உரித்து, மரம் தானாகப் பட்டுப்போனதாகக் காட்டுகிறார்கள். சட்டம் ஏழையின்மேல் மட்டும் சுமையாக விழுந்தால், அது மலையையும் காக்காது, மனிதரையும் காக்காது. பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் கற்பித்தது இதனால்தான்.

ஆகவே, நம் அன்பியங்களில் சிலவற்றை முடிவு செய்வோம். எழுதப் படிக்கத் தெரிந்த இளையோர், விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும். அலுவலகத்துக்கும் துணைக்குப் போகட்டும். தாள் கைக்கு வரும்முன் தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டாம். அவசரத் தேவையில் இருக்கும் குடும்பத்துக்கு, அனுமதி வரும்வரை கைமாற்றாக உதவுவோம். பலர் சட்டத்தை மீறுவது பேராசையால் அல்ல, காத்திருக்க முடியாததால். அனுமதி கிடைத்தாலும் ஒரேயடியாக வெட்டாமல், ஆண்டுக்குச் சில மரங்கள் என்று வெட்டுவோம். ஓடைக் கரையையும் செங்குத்துச் சரிவையும் தொடாமல் விடுவோம். வெட்டப்போகும் மரத்தின் அருகில் முந்தைய மழையிலேயே பலாவோ நாவலோ கல்யாண முருங்கையோ வளரத் தொடங்கியிருக்கட்டும்.

உவமையின் முடிவில் அந்த அத்தி மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. தோட்டக்காரர் மண்வெட்டியோடு நிற்கும் இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம்.

செபிப்போம்: எங்கள் குறைகளைப் பொறுத்து, எங்களுக்குத் தவணை தரும் ஆண்டவரே, நீர் எங்களிடம் காட்டும் பொறுமையை நாங்கள் உம் மலையிடமும், அதில் பாடுபடும் எளியவரிடமும் காட்ட அருள்தாரும். ஆமென்.