நாற்றம் யார் நாசிக்கு?

(ஊராட்சித் தோழர்களின் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாக்கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். முன்வரிசை நண்பர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்! காவிரியைப் பாடக் கவிஞர்கள் உண்டு. கழிவுநீருக்காக வழக்காட எவருமில்லை. அந்த வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இலண்டன் மாநகரம். கழிவு கலந்த குடிநீரே காலராவைப் பரப்புகிறது என்று 1854இல் பிராடு தெருக் குழாயடியைச் சுட்டி, சான்றுகளோடு எடுத்துக்காட்டினார் ஜான் ஸ்நோ எனும் மருத்துவர். ஏழைகள் மாண்டுகொண்டிருந்தனர், ஆட்சி அசையவில்லை. 1858 கோடையில், மலம் மண்டிய தேம்ஸ் ஆறு வெயிலில் புழுங்கிற்று. அந்த வாடை கரையோரம் இருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது! திரைச்சீலைகளைச் சலவைத்தூள் கரைத்த நீரில் நனைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. 18 நாட்களில் சட்டம் பிறந்தது; பணம் பிறந்தது; பேசல்ஜெட் எனும் பொறியாளர் வகுத்த பாதாளச் சாக்கடை எழுந்தது. பிணங்கள் வாதாடித் தோற்ற வழக்கில், நாற்றம் வென்றது!

இனி நம் சிற்றூருக்கு வாருங்கள். மேலத்தெருவில் பிறக்கிறது கால்வாய். கடைத்தெருவின் அழுக்கை வாங்கிக்கொண்டு வளைகிறது, நெளிகிறது. முடிவில் காலனியின் முகப்பில் தேங்கி நிற்கிறது. நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது இயற்கை. அந்தப் பள்ளத்தில் இன்னார்தான் குடியிருக்க வேண்டுமென்று விதித்தது இயற்கையா? வருணாசிரமம்!

"கால்வாய் தேங்கி நிற்கிறதே, ஐயா!"

"அடுத்த ஆண்டு பார்க்கலாம்."

"கொசு மொய்க்கிறதே!"

"மருந்து அடிக்கச் சொல்கிறேன்."

"சுத்திகரிக்கக் குளம் வெட்டலாமே?"

"நிதி எங்கேயப்பா?"

நிதி இல்லை என்கிற நாவுக்கு மேலே ஒரு மூக்கு இருக்கிறது, தோழர்களே! அந்த மூக்கில் வாடை ஏறவில்லை. நம்மவர் தலைமை வகித்த ஊராட்சிகளிலும் இதே உரையாடலைக் கேட்டிருக்கிறேன், மறைப்பானேன்?

வித்தை பெரிதன்று. குளித்த நீருக்கும் துவைத்த நீருக்கும் கொல்லையில் ஓர் உறிஞ்சுகுழி போதும். கிணற்றை ஒட்டி மட்டும் வெட்டாதீர்கள். மிஞ்சி வருவதை ஊர்க்கோடியில் அடுத்தடுத்த குளங்களில் தேக்குங்கள். ஆழமான முதற்குளத்தில் கசடு படியும். அடுத்ததில், வெயிலை உண்டு வளரும் பாசி உயிர்வளி தரும். அதைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். ஆழங்குறைந்த கடைசிக் குளத்தில் கதிரொளி நோய்க்கிருமிகளை மாய்க்கும். மின்சாரம் வேண்டா. நிலம் வேண்டும், நாட்கணக்கில் நீர் நிற்க வேண்டும், படிந்த கசடை அகற்றும் கவனம் வேண்டும். கதிரவன் கூலி கேட்பதில்லை, கமிஷனும் கேட்பதில்லை. குத்தகைதாரர் சிலருக்கு இத்திட்டம் கசப்பது அதனால்தானோ என்னவோ!

கழிப்பறைக்கு இரட்டைக் குழி என்றொரு முறை உண்டு. ஒன்று நிறைந்தால் அதை மூடி மற்றதைத் திறப்பது. மூடியது ஓராண்டுக்கு மேல் மட்கி எருவாகும். அள்ளுவோர் கையில் மலம் படுவதில்லை. நாம் கட்டியதோ பெரும்பாலும் செப்டிக் டேங்க். அதன் வெளிக்குழாய் தெருக்கால்வாயில்! நிறைந்தால், இருட்டில் ஏரிக்கரையில் கொட்டும் லாரி. லாரி நுழையாத சந்தில், உள்ளே இறங்கும் ஒரு மனிதன்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், இந்தக் கொடுமையைத் தடுக்க வந்தன. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023இல் அது 30 இலட்சமாயிற்று. இழப்பீடு மூன்று மடங்கு ஏறிற்று. இறங்குகிறவன் சாதி மாறிற்றா?

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில், 2017இல், தமிழகத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கிற்று. லாரி சென்று சேர ஓர் இடம் கிடைத்தது. உங்கள் ஊர் லாரி எங்கே போகிறது? அதன் பின்னாலேயே ஒரு நாள் சைக்கிளில் சென்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

குளத்துக்கு இடம் தேடும்போது, "காலனிக்குப் பின்னால் புறம்போக்கு இருக்கிறதே!" என்பார்கள். தேன் தடவிய சொல், ஏமாறாதீர்கள்.

அடுத்த கிராமசபையை மண்டபத்தில் கூட்டாதீர்கள். கால்வாய் முடிகிற இடத்தில், காலனியின் முகப்பில் பந்தல் போடுங்கள். மேலத்தெருப் பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். நம் கட்சிக்காரருக்கும் அங்கேயே! காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்துப் போடுங்கள். இலண்டனுக்கு 18 நாள் ஆயிற்று; நம் ஊருக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்போம்.