ஒளியிழை காட்டும் நோய்க்குறி

 

ஒளி நேர்க்கோட்டிற் செல்வது. அதனை வளையும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே செலுத்தி, உருக்களைக் கடத்திக் காட்டியோர் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர்சிங்கு கபானியும் அவர்தம் ஆசிரியர் ஆப்கின்சும் ஆவர். ஆண்டு 1954. அவ்விழை இன்று குருதியில் புற்றுநோயின் தடத்தைத் தேடுகின்றது.

எவ்வாறு? இழைக்குள் ஒளி முழுமையாக எதிரொளிக்கப்படினும், அதன் விளிம்பு மேலுறை நீங்கிய இடத்தே வெளியில் மிகச் சிறு தொலைவு பரவி நிற்கும். அவ்விடத்தில் எதிர்ப்பொருளைப் பதித்து வைப்பர். குருதியிலுள்ள நோய்க்குறிப் புரதம், பூட்டிற்குத் திறவுகோல் போல, அதனொடு பொருந்தும். உடனே அங்கு ஒளிவிலகல் எண் மாறும். வெளிவரும் ஒளியின் நிறமாலையும் சற்றே பெயரும். அப்பெயர்ச்சியே நோய்க்குறியின் அளவைக் கூறும். இதுவே ஒளியிழை உயிருணரி.

ஆயினும், குருதியிற் பிற புரதங்கள் பன்மடங்கு மிகுதி. அவையும் இழையில் ஒட்டிப் பொய்க்குறி காட்டும். ஆகவே இம்முறை இன்னும் பெரிதும் ஆய்வகத்தளவிலேயே நிற்கின்றது.

மேலும், புராசுடேட்டுச் சுரப்பியின் பி.எசு.ஏ. புரதம் புற்று இன்றியும், அச்சுரப்பியின் வீக்கத்தாலேயே மிகும். எனவே, எண் உயர்ந்ததென நடுங்குவதும் தவறு. எண் குறைந்ததென அறிகுறிகளைப் புறக்கணிப்பதும் தவறு. கருவி ஐயத்தை எழுப்பும். தசைத்துணுக்கு ஆய்வே முடிவுரைக்கும்.

இவ்வேறுபாட்டை நோயுற்றோர் தம் தாய்மொழியிற் கேட்டாலன்றி அச்சம் அகலாது. காலத்தே மருத்துவரை நாடும் துணிவும் பிறவாது. கருவியை ஆக்குவோர் ஆக்கட்டும். அதனைத் தமிழில் விளக்கும் கடமை நம்முடையது.