குணமும் பட்டமும்
(போத்தனூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கதையில் வரும் ஒருவருடைய குணத்தை மாணவர்கள் கண்டறிவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கின்றீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. நமது புத்திக்கு எட்டியதைச் சொல்லுகின்றோம். கொள்வதும் தள்ளுவதும் உங்கள் பொறுப்பேயாகும்.

"கண்ணகியின் குணம் யாது?" என்று உபாத்தியாயர் கேட்டால், "கற்புடையவள்" என்று பையன் ஒப்பித்து மார்க்கு வாங்கிக்கொள்ளுகின்றான். அவள் செய்த காரியம் என்னவென்றால் விழிக்கின்றான். ஜங்ஷன் ஊராராகிய உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கூட்ஸ் வண்டியில் ஒட்டிய சீட்டைப் படிப்பது வேறு, கதவைத் திறந்து சரக்கைப் பார்ப்பது வேறு.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொற்கொல்லன் "கள்வன்" என்றான். பாண்டியன் கோவலனை ஒரு வார்த்தை விசாரித்தானா? இல்லை. அந்த ஒரு பட்டம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது. அப்பட்டம் சூட்டியவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடியவனேயாவான்! ஆகவே ஒருவரைப்பற்றிப் பிறர் சொல்வதைப் படிக்கும்போது, சொல்லுகின்றவன் யார், அதனால் அவனுக்கென்ன லாபம் என்று பிள்ளைகள் கேட்கவேண்டாமா?

கண்ணகி அரசவையில் என்ன செய்தாள்? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசன் முத்து என்றான், உடைத்துக் காட்டினாள். துணிவும், ருசுவோடு வழக்காடும் அறிவும் அவளுடைய குணங்கள். அதே கண்ணகி மதுரையை எரித்தாள். அரசன் பிழைக்கு ஊரார் என்ன செய்தார்கள்? அதையும் கேளுங்கள். விசாரியாமல் கொன்ற பாண்டியனோ, உண்மை தெரிந்தவுடன் "நானே கள்வன்" என்று உயிரை விட்டான். அதையும் கணக்கில் எழுதுங்கள். ஒரே சொல்லில் அடங்கும் மனிதன் எவனுமில்லை.

இது பரீட்சைக்கு மாத்திரமான சங்கதியா? 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூட, அது ஒன்றும் செய்யாதிருக்கும்போதே, பிறப்பைக்கொண்டு பட்டம் கட்டினார்கள். உழைத்துக் களைத்தவர்கள் இரவில் போலீசாரிடம் ஆஜராகவேண்டியிருந்தது. அம்மாகாணத்தில் அது ஒழிந்தது 1947-ல்தான். சட்டம் போயிற்று, பிறப்பைக் கேட்டு குணத்தை முடிவு செய்யும் புத்தி போயிற்றா?

ஆகையால் உபாத்தியாயர்களே! "அவன் நல்லவன்" என்று பிள்ளை எழுதினால், "எந்த இடத்தில், எந்தக் காரியத்தால்?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஜாதியைச் சொல்லி அண்டை வீட்டானை இழிவுபடுத்துகின்றவனிடமும் அதையே கேட்பான். அவ்வளவுதான் நாம் வேண்டுவது.