ஆல்மாஷியின் காதலும் கிப்பின் கோபமும்



எனக்கு முன் இந்த இருக்கையில் அமர்ந்தவர்களை நினைத்தால் பெருமிதத்தோடு பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. போர்க்காலக் காதல் படங்களும் வரலாறும் என்பது மாநாட்டின் பொருள். போர் நடக்கும்போதே, 1942-இல் வந்த 'காசபிளாங்கா' முதல் 2001-இன் 'பேர்ல் ஹார்பர்' வரை அதன் பரப்பு நீங்கள் அறிந்ததே. அமர்வுகள் அதைக் கவனித்துக்கொள்ளும். எனக்குத் தந்த நேரத்தை ஒரே படத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்: 1996-இல் வந்து 9 ஆஸ்கர் விருதுகள் பெற்ற ஆண்டனி மிங்கெல்லாவின் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்'.

கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒந்தாச்சியின் நாவல்தான் அதன் மூலம். படம் வந்த கையோடு எலிசபெத் பாத்தி சாலட் என்ற பெண்மணி வாஷிங்டன் போஸ்ட் இதழில் கண்டனம் எழுதினார். அவருடைய தந்தை போருக்கு முன் எகிப்தில் ஹங்கேரியின் கன்சல் ஜெனரலாகப் பணியாற்றியவர். நாஜிகளுக்கு உழைத்த ஆல்மாஷி என்ற உண்மை மனிதரைக் காதல் நாயகனாக்கிவிட்டார்கள் என்பதே அவர் வருத்தம். கதை கதைதான், வரலாற்றாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று நம் துறையின் மூத்தவர் ஒருவர் இதுபோன்றதொரு மேடையில் பதில் சொன்னார். அவரிடம் பாடம் கேட்டவன் நான். அந்த மரியாதை குறையாமலே மறுக்கிறேன்.

பாலைவன ஆய்வுகளில் ஆல்மாஷியோடு சென்ற ராபர்ட் கிளேட்டன் 1932-இல் நோயால் இறந்தார். அவர் மனைவி டாரதி மறு ஆண்டு இங்கிலாந்தில் விமான விபத்தில் இறந்தார். கதையில் இவர்கள் கிளிஃப்டன் தம்பதி ஆகிவிட்டார்கள். ஆல்மாஷி மட்டும் ஆல்மாஷியாகவே நிற்கிறார். ஒரு பெயரை மாற்றி இன்னொன்றை வைத்துக்கொண்டவர்களிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

படத்தில் அவர் குகையில் விட்டுவந்த காதலியிடம் திரும்பிச் செல்ல எரிபொருள் வேண்டி ஜெர்மானியரிடம் வரைபடங்களைக் கொடுக்கிறார். உண்மையில் அவர் ஜெர்மன் உளவுத்துறைக்காகப் பணியாற்றிய ஹங்கேரிய அதிகாரி. 1942 மே மாதம், 'ஆபரேஷன் சலாம்' என்ற நடவடிக்கையில், எப்லர், சாண்ட்ஸ்டீட் என்ற இரு உளவாளிகளை லிபியாவிலிருந்து பாலைவனம் கடந்து எகிப்தின் அஸ்யூட் வரை கொண்டுபோய் விட்டார். அதற்காக அயர்ன் கிராஸ் பெற்றார். ரொம்மலின் படையோடு இருந்த நாள்களைப் பற்றி 1943-இல் புடாபெஸ்டில் ஒரு நூலே வெளியிட்டார். போருக்குப் பின் ஹங்கேரியில் அவர்மீது வழக்கு நடந்து விடுதலையானார். அந்த நூலைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! ஆல்மாஷி நல்லவரா கெட்டவரா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் செய்ததற்கான காரணத்தைப் படம் மாற்றிவிட்டது என்பதுதான் என் வழக்கு. ஒரு அரசும் அதன் படையும் நின்ற இடத்தில் ஒரு பெண்ணின் உயிரை வைத்துவிட்டால், பார்ப்பவர் அவரை மன்னிக்காமல் என்ன செய்வார்?

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று விவாதத்துக்கே வரவில்லை. நாவலில் கிப் என்கிற கிர்பால் சிங், இத்தாலியில் வெடிகளைச் செயலிழக்கச் செய்யும் சீக்கிய வீரர். ஹிரோஷிமா செய்தி காதில் விழுந்ததும் துப்பாக்கியோடு, நோயாளியாகக் கிடக்கும் ஆல்மாஷியின் முன் வந்து நிற்கிறார். வெள்ளையர் நாட்டின்மேல் இந்தக் குண்டைப் போட்டிருக்கமாட்டார்கள் என்று உணர்ந்து, பிரிட்டிஷ் படையை விட்டே வெளியேறுகிறார். படத்தில் ஹிரோஷிமா இல்லை. கூட இருந்த சார்ஜென்ட் ஹார்டி வெடியில் சாகிறார், கிப் அழுகிறார், வேறு ஊருக்குப் பணிமாற்றமாகிப் போகிறார். ஒரு காலனி வீரனின் அரசியல் சினம் நண்பனுக்கான துக்கமாகச் சுருங்கிவிட்டது. ஆல்மாஷிக்குச் செய்ததையே கிப்புக்கும் செய்திருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது மன்னிப்பு, இவருக்குக் கிடைத்தது வாயடைப்பு.

கிப்பின் வேலையைச் செய்தவர்கள் நம்மவர்களும்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியின் மிக்னானோவில், தன் ஆட்களைக் காப்பாற்ற வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து இறந்தார். ஜார்ஜ் கிராஸ் அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. அந்த விருதுக் குறிப்பு அச்சில் இருக்கிறது. 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' பற்றிப் பேசும் தமிழ் ஆய்வாளர் எவரும் அதை ஒருமுறையாவது எடுத்துப் படிக்க வேண்டாமா?

ஒரு காதல் கதை இவ்வளவு பெரிய அரசியலைத் தாங்காது, அதனால்தான் மிங்கெல்லா ஹிரோஷிமாவை விட்டுவிட்டார் என்று இம்மாநாட்டின் ஓர் ஆய்வுச் சுருக்கம் வாதிடுகிறது. கட்டுரையாளருக்கு என் கேள்வியை இப்போதே வைக்கிறேன். 1959-இல் அலென் ரெனே, மார்கெரித் துராஸின் திரைக்கதையில் 'ஹிரோஷிமா மோன் அமூர்' எடுத்தார். ஒரு பிரெஞ்சு நடிகையும் ஜப்பானியக் கட்டடக் கலைஞரும் தழுவிக்கிடக்கும் காட்சியோடு மருத்துவமனையும் அருங்காட்சியகமும் கருகிய உடல்களும் வருகின்றன. அவளுடைய பழைய காதலன் ஜெர்மன் சிப்பாய். அதற்காக ஊரே அவள் தலையை மழித்த கதையும் அதே படத்தில் இருக்கிறது. 37 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காதல் படம் தாங்கிய ஹிரோஷிமாவை இந்தக் காதல் படம் ஏன் தாங்கவில்லை? விடையைக் கட்டுரையாளரிடமிருந்து கேட்கக் காத்திருக்கிறேன். முதல் அமர்வைத் தொடங்குமாறு ஒருங்கிணைப்பாளரை வேண்டுகிறேன்.