ஐ.ஐ.டி. சீட்டு விலைக்குக் கிடைக்காது

(நயினார்கோவில் மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



"சென்னை ஐ.ஐ.டி.யில சீட்டு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் அட்வான்ஸ் கேட்கிறார், நகையை வைக்கலாமா?"ன்னு நம்ம உறுப்பினர் ஒருத்தர் கேட்டாங்க. வைக்கவே வைக்காதீங்க. ஐ.ஐ.டி.யில டொனேஷன் சீட்டும் இல்லை, மேனேஜ்மென்ட் சீட்டும் இல்லை. பரீட்சை ஒண்ணுதான் வழி.

நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாம் ஐயாவுக்கு சென்னை எம்.ஐ.டி.யில இடம் கிடைச்சப்போ, அவரோட அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுப் பணம் கொடுத்தாங்க. தம்பி தன் படிப்பால இடம் வாங்கின பிறகு, கட்டணத்துக்காகத்தான் அந்த நகை போச்சு. புரோக்கருக்காகப் போகலை.

சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் தொடங்கியது. பி.டெக். சேர இரண்டு பரீட்சை. முதலில் ஜே.இ.இ. மெயின், இதை 2021-லிருந்து தமிழிலும் எழுதலாம். அதில் முன்னால் வருகிற சுமார் 2½ லட்சம் பேர்தான் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத முடியும். அது ஆங்கிலம், இந்தியில் மட்டும். அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவைதான் எழுதலாம்.

அதனால் தாய்மார் கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, பத்தாவது முடிந்ததும் எடுக்கிற குரூப். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கணும். ப்ளஸ் டூ முடிச்சுட்டு யோசிச்சா காலம் கடந்துடும்.

இரண்டு, சான்றிதழ். எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7½, ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் இடம் உண்டு. ஆனால் நம்ம கையில் இருக்கிற பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கணும். அட்வான்ஸ்டுக்கு அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கினதா இருக்கணும். பெண் பிள்ளைகளுக்கு 2018 முதல் கூடுதல் இடங்களும் உண்டு.

மூன்று, பணம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. குடும்ப வருமானம் வருஷம் 1 லட்சத்துக்குள் இருந்தால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவு தனி. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போகிற பிள்ளைகளின் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. ஹெட்மாஸ்டரிடம் அதைக் கேளுங்க.

இடம் கிடைக்கலைன்னா பிள்ளையைத் திட்டாதீங்க. நல்லாப் படிக்கிறவங்களுக்கே கிடைக்காமப் போகிற பரீட்சை இது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மார்க்கை வச்சுக் கவுன்சிலிங். அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7½ சதவீதம் தனி ஒதுக்கீடு. சென்னை ஐ.ஐ.டி.யே 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம். நாலு வாரப் பாடம் படிச்சு, தகுதித் தேர்வு எழுதினாப் போதும். எந்த குரூப் பிள்ளையும் சேரலாம்.

மிளகாய் வித்த காசுக்குக் கணக்கு எழுதுறோம், கடனுக்குக் கணக்கு எழுதுறோம். இந்த மாசம் தீர்மான நோட்டில் இன்னொரு வரியும் எழுதுங்க: நம்ம குழுவில் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் யார் யார், அவங்க எந்த குரூப் எடுக்க நினைக்கிறாங்க? அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வச்சுப் பேசுவோம்.