உறைந்த ஏரியில் ஒரு தூண்டில்



மீன் பிடிப்பதற்கு முதலில் வேண்டுவது எது என்று கேட்டால், தூண்டில் என்பார் சிலர். வலை என்பார் சிலர். பொறுமை என்பார் வேறு சிலர். உலகின் வடகோடியில் வாழும் மக்களைக் கேட்டால், இம்மூன்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காலடியிலுள்ள பனிக்கட்டியைப் பற்றிய அறிவே முதலில் வேண்டும் என்பார்கள். ஏனெனில் அங்கே ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் ஏரிகளில் படகு செல்ல வழியில்லை. ஏரியின் மேல் மனிதன் நடக்கிறான், வண்டி ஓட்டுகிறான், உறைந்த தளத்தில் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிக்கிறான்.

குளிர்கால விடுமுறையில் அப்பகுதிக்குச் செல்லும் பயணிகள், வழிகாட்டியின் துணையோடு இம்முறையில் மீன் பிடித்துப் பார்க்கலாம். ஒரு மார்ச் மாதத்தில் அத்தகைய வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அன்று நான் பிடித்த மீன்கள் சில. அறிந்துகொண்ட உண்மைகள் பல. ஏட்டறிவும் பட்டறிவும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை நிற்கின்றன என்பதை அந்த ஏரி எனக்குக் காட்டியது. அதையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

பின்லாந்து நாட்டின் வடபகுதிக்கு லாப்லாந்து என்று பெயர். அங்கே வடதுருவ வட்டத்திற்கும் அப்பால், ஏறத்தாழ 69ஆம் பாகையில், இனாரி என்னும் ஏரி உள்ளது. அதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதனுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. மிக ஆழமான இடத்தில் 90 மீட்டருக்கு மேல் ஆழம் உண்டு. நவம்பர் மாதத்தில் உறையத் தொடங்கும் இவ்வேரி, ஜூன் மாதத் தொடக்கம் வரையிலும்கூட உறைந்து கிடப்பதுண்டு. டிசம்பர் முற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. மார்ச்சு பிறந்தால் பகல் நீளுகிறது. பனித்தளமும் நன்கு தடித்திருக்கிறது. ஆகவே மார்ச்சும் ஏப்ரலும் தூண்டிற்காரர்களுக்கு உகந்த மாதங்கள்.

வடக்கு ஐரோப்பாவின் தொல்குடியினரான சாமி மக்களைக் கலைமான் மேய்ப்பவர்கள் என்றே நாம் பெரும்பாலும் படித்திருக்கிறோம். ஆனால் இந்த ஏரிக்கரையில் வாழும் இனாரி சாமி என்னும் பிரிவினர், தொன்றுதொட்டு மீன்பிடித் தொழிலால் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய மொழியைப் பேசுவோர் இன்று சில நூற்றுவரே. ஆயினும் ஏரியைப் பற்றி அவர்கள் சேர்த்து வைத்துள்ள அறிவு பெரிது.

எங்கள் வழிகாட்டி அந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். தளத்தில் இறங்குவதற்கு முன் அவர் எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கயிற்றை மாட்டினார். அதன் இரு முனைகளிலும் பிடி வைத்த கூரிய ஆணிகள் இருந்தன. “நீரில் விழ நேர்ந்தால், வந்த திசைக்கே திரும்புங்கள். அதுவரை உங்களைத் தாங்கிய தளம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஆணிகளையும் பனிக்கட்டியில் குத்துங்கள். கால்களை உதைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள். படுத்தபடியே உருண்டு செல்லுங்கள்” என்று அவர் கூறினார்.

இந்த அறிவுரையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் காரணம் உண்டு. உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரில் திடீரென்று விழுபவனுக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். பதறாமல் மூச்சைச் சீராக்கிக்கொண்டால், அடுத்து ஏறத்தாழ பத்து நிமிடங்கள் கைகால்கள் அவன் சொற்படி கேட்கும். அதற்குப் பின் விரல்கள் செயலிழந்துவிடும். அந்தப் பத்து நிமிடங்களுக்குள் வெளியேறியாக வேண்டும். எழுந்து நின்றால் உடலின் எடை முழுவதும் இரண்டு பாதங்களின் அளவான இடத்தில் அழுந்தும். படுத்து உருண்டால் அவ்வெடை பரவலாகிவிடும். அழுத்தத்தைப் பற்றி வகுப்பில் படிக்கும் பாடம் அங்கே உயிரைக் காக்கிறது.

வழிகாட்டி கையில் ஒரு கடப்பாரை இருந்தது. அவர் அதனால் தளத்தைக் குத்தி, எழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். பனிக்கட்டி எல்லாம் ஒரே தன்மையுடையது அன்று. நீர் நேரே உறைந்து உண்டாகும் தெளிவான பனிக்கட்டி, அடியிலுள்ள நீரின் இருட்டினால் கருமையாகத் தோன்றும். அதுவே வலிமை மிக்கது. மேலே விழுந்த வெண்பனி நனைந்து உறைந்தால் உண்டாகும் வெண்ணிறக் கட்டிக்கு அதில் பாதி வலிமைதான் உண்டு. தெளிவான கட்டி 10 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இரு தீவுகளுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான பகுதியிலும், ஆறு வந்து கலக்கும் இடத்திலும், நாணல் அடர்ந்த கரையோரத்திலும் இந்தக் கணக்குப் பொய்த்துப் போகும். நீரோட்டம் அடியிலிருந்து தளத்தை அரித்துக்கொண்டே இருக்கும். வேனிலின் தொடக்கத்திலோ, தடித்த கட்டிகூட வெயிலால் உள்ளுக்குள் செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, காலடி பட்டதும் நொறுங்கிவிடும். பார்வைக்கு ஏரி முழுவதும் ஒரே வெண்மைதான். எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதை உள்ளூரில் வாழ்ந்தவர்தாம் அறிவார். பயணி வழிகாட்டிக்குத் தரும் ஊதியம், உண்மையில் இந்த அறிவுக்காகத் தரும் ஊதியமே ஆகும்.

தக்க இடம் வந்ததும் துளையிடத் தொடங்கினோம். தச்சரின் துரப்பணத்தைப் பெரிதாக்கினாற்போன்ற ஒரு கருவியைக் கையால் சுற்றச் சுற்ற, அது பனிக்கட்டியைச் சீவிக்கொண்டு கீழே இறங்கியது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இறங்கிய பின் நீர் குபுக்கென்று மேலே வந்தது. மிதந்த பனித்தூளை ஜல்லிக்கரண்டி போன்ற அகப்பையால் வாரி எடுத்தோம். ஒரு சாண் அகலமுள்ள கரிய துளை எஞ்சியது.

அந்தத் துளைக்கு வெளியே காற்றின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 15 டிகிரி. துளைக்கு அடியிலோ மீன்கள் உயிரோடு உலவுகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். நீரும் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வரை அவ்வாறே நடந்துகொள்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால், சுருங்குவதை விட்டு விரியத் தொடங்குகிறது. இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, கீழே இறங்குகிறது. கீழிருக்கும் நீர் மேலே வருகிறது. நீர் முழுவதும் 4 டிகிரியை எட்டும்வரை இது தொடர்கிறது. அதற்கு மேலும் குளிர்ந்த நீர் இலேசாகி, மேற்பரப்பிலேயே தங்கி உறைகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோகிராம். அதே அளவு பனிக்கட்டியின் எடை 917 கிலோகிராம்தான். ஆகவே கட்டி மிதக்கிறது. அடியில் நீர் நீராகவே இருக்கிறது. பனிக்கட்டி நீரில் மூழ்கும் தன்மையதாக இருந்தால், அது ஏரியின் அடியில் படிந்து குவிந்துகொண்டே போகும். அந்நிலையில் வடநாட்டு ஏரிகளில் உயிர் வாழ்தல் அரிதாகிவிடும்.

மிதக்கும் பனிக்கட்டி போர்வையாகவும் பயன்படுகிறது. அது தடிக்கத் தடிக்க, அடியிலுள்ள வெப்பம் வெளியேறுவது குறைகிறது. அதனால் மேலும் தடிப்பதும் மெதுவாகிறது. யோசப் ஸ்டெபான் என்னும் ஆஸ்திரிய இயற்பியல் அறிஞர் துருவக் கடல்களில் பனிக்கட்டி வளர்வதை ஆராய்ந்து, 1891ஆம் ஆண்டிலேயே இதற்குக் கணித விதி வகுத்துத் தந்தார். மேலே படியும் வெண்பனி அதனினும் சிறந்த போர்வை. அதனால் வெண்பனி மிகுந்து படிந்த இடத்தில் அடியிலுள்ள கட்டி மெல்லியதாக இருக்கக்கூடும். எங்கள் வழிகாட்டி அத்தகைய மேடுகளை விலக்கியே நடந்தார். அவர் ஸ்டெபானின் விதியைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவ்விதியின் பயனை அவர் தம் தந்தையிடமிருந்து கற்றிருந்தார்.

அங்கே தூண்டிற்கோல் முழங்கை நீளந்தான் இருக்கும். நரம்பின் முனையில் பளபளக்கும் சிறு உலோகத் துண்டும், அதனடியில் முள்ளும், முள்ளில் ஒரு சிறு புழுவும் இருந்தன. நரம்பைத் தரை தட்டும்வரை இறக்கி, ஒரு சாண் உயர்த்தி, மெல்லச் சுண்டிச் சுண்டி விட வேண்டும். நான் வேகமாகச் சுண்டியபோது, வழிகாட்டி கையமர்த்தி, “மெதுவாக, மெதுவாக” என்றார். மீன் தன் உடலுக்கெனத் தனி வெப்பம் இல்லாத உயிர். குளிர்ந்த நீரில் அதன் உடற்செயல்கள் தாழ்ந்துவிடுகின்றன. இரையைத் துரத்திச் செல்ல அது விரும்புவதில்லை. அருகில் வந்தால் உண்ணும். உடற்செயல்கள் தாழ்ந்திருப்பதால் அதற்கு வேண்டிய உயிர்க்காற்றும் குறைவு. குளிர்ந்த நீரோ மிகுதியான உயிர்க்காற்றைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் உயிர்க்காற்றைத்தான் ஏற்கும். சுழி டிகிரியில் 14 மில்லிகிராமுக்கு மேல் ஏற்கும். மூடிய ஏரிக்குள் மாதக்கணக்கில் மீன்கள் வாழ்வதன் மறைபொருள் இதுவே.

ஒரு மணி நேரத்துக்குப் பின் நரம்பு மெல்ல அதிர்ந்தது. இழுத்தேன். பச்சை உடலில் கரும்பட்டைகளும் சிவந்த துடுப்புகளும் கொண்ட பெர்ச் என்னும் மீன் துளை வழியே வெளியே வந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு, குளிர்நீரையே விரும்பி வாழும் ஆர்க்டிக் சார் மீன் கிடைத்தது. பனித்தளத்தின் மேல் இட்ட மீன்கள் சிறிது நேரத்தில் கட்டைபோல் உறைந்துவிட்டன. அமெரிக்கராகிய கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் 1912ஆம் ஆண்டில் கனடாவின் லாப்ரடார் பகுதிக்குச் சென்றார். அங்கே இனுவிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். விரைந்து உறைந்தால் உண்டாகும் பனித்துகள்கள் மிகச் சிறியவை. அவை தசையைச் சிதைப்பதில்லை. இதை உணர்ந்த அவர், 1920களில் உணவை விரைந்து உறையவைக்கும் எந்திரத்தை உருவாக்கினார். இன்றைய உறையுணவுத் தொழிலுக்கு வித்திட்டது தொல்குடியினரின் பட்டறிவே.

பின்லாந்தில் இத்தகைய ஒற்றைத் தூண்டில் மீன்பிடிப்புக்கு, விலக்கப்பட்ட சில நீர்நிலைகள் தவிர, உரிமச் சீட்டோ கட்டணமோ வேண்டுவதில்லை. அது எல்லார்க்கும் உரிய பொது உரிமை. பிழைப்புக்காக மீன் பிடிப்போர் வலையைக்கூடப் பனிக்கட்டிக்கு அடியில் விரிக்கிறார்கள். வரிசையாகத் துளைகள் இட்டு, கயிறு கட்டிய நீண்ட கழியை ஒரு துளையிலிருந்து மற்றொரு துளைக்கு அடியிலேயே தள்ளிச் சென்று, பின் அக்கயிற்றால் வலையை இழுத்துப் பரப்புவது பழைய முறை.

மாணவ நண்பர்களே! இந்தப் பட்டறிவுக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. தம் தந்தை இன்ன நாளில் இன்ன இடத்தைக் கடக்கலாம் என்று நாள் குறித்து வைத்திருந்ததாகவும், தாம் அந்த நாளை இப்போது நம்புவதில்லை என்றும் எங்கள் வழிகாட்டி கூறினார். அவர் கூற்றுக்குச் சான்றுகள் உண்டு. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் எல்லையாக ஓடும் டோர்னியோ ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாளை 1693ஆம் ஆண்டு முதல் மக்கள் குறித்து வந்திருக்கிறார்கள். அந்நாள் முன்னைவிட இப்போது முந்தி வருகிறது. ஜப்பானிலுள்ள சுவா ஏரி உறையும் நாளைக் கோயிற் பூசகர்கள் 1443ஆம் ஆண்டு முதல் எழுதி வைத்துள்ளனர். முதல் 250 ஆண்டுகளில் மூன்றே ஆண்டுகளில்தான் அவ்வேரி உறையாமல் இருந்தது. 2005 முதல் 2014 வரையுள்ள பத்தே ஆண்டுகளில் ஐந்து முறை உறையவில்லை. 1979ஆம் ஆண்டிலிருந்து வடதுருவப் பகுதி, உலகின் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது என்று பின்லாந்து அறிவியலாளர்கள் 2022இல் கண்டறிந்தனர்.

இதனால் மூதாதையர் அறிவு பயனற்றதாகிவிட்டதா? இல்லை. கடப்பாரையால் குத்திப் பார்க்கும் வழக்கமும், ஓசையைக் கேட்கும் காதும், நிறத்தை அறியும் கண்ணும் முன்னிலும் மிகுதியாக இன்று தேவைப்படுகின்றன. மாறியிருப்பது நாட்குறிப்பு மட்டுமே. நாட்குறிப்பு ஏன் மாறியது, இனி எவ்வாறு மாறும் என்பதை அளந்து கூறுவது அறிவியலின் வேலை. நேற்று தாங்கிய தளம் இன்றும் தாங்குமா என்பதை, நடக்குமுன் தட்டிப் பார்த்து அறிவது மனிதனின் வேலை.

நீங்களும் உங்கள் பாடநூல்களில், நீரின் அடர்த்தி 4 டிகிரியில் மிகுதி என்னும் ஒரு வரியைப் படிப்பீர்கள். தேர்வுக்குரிய ஒரு மதிப்பெண்ணாக மட்டும் அதைக் கருதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பி ஏரிக்கு அடியில் மீன்கள் வாழ்கின்றன. அதே வரியை நம்பி ஏரிக்கு மேலே மனிதர்கள் நடக்கிறார்கள்.